துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. வழக்கு வந்தால் யார் துணை?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு ஊர் மதுரைப் பக்கம். பதினாறு வருடமாக டாலஸில் இருக்கிறேன். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்து நாலு வருடம் ஆகிறது, அடுத்த வருடம் குடியுரிமைக்கு மனு போட இருக்கிறோம். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு கேஸ் ஸ்டேஷனும் அதோடு சேர்ந்த கடையும் நடத்துகிறேன். இரவில் நானே கல்லாவில் நிற்பேன். பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்த பிறகு டெக்சஸில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்ல அனுமதிக்கும் எல்.டி.சி. லைசென்ஸ் எடுத்து, இடுப்பில் பிஸ்டல் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அதைச் சமையலறை டிராயரில் வைப்பேன்.

போன மாதம் ஒருவன், பன்னிரண்டு மணிக்கு மேல் பீர் விற்க முடியாது என்று சொன்னதற்குக் கண்டபடி கத்தினான். சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பைக் காட்டினேன். போய்விட்டான். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நாளைக்கு ஏதாவது நடந்து கேஸ் ஆகிவிட்டால்?

சுடும் பயிற்சி ரேஞ்சில் பழக்கமான நண்பர், தற்காப்பு வழக்கு வந்தால் செலவைப் பார்த்துக்கொள்ளும் மூன்று திட்டங்களைச் சொன்னார். ஒன்று 20 லட்சம் டாலர் வரை தருமாம். இன்னொன்றில் வக்கீல் செலவுக்கு வரம்பே இல்லையாம். மூன்றாவது இன்சூரன்ஸே இல்லையாம், சங்கம் மாதிரி. எதை எடுக்கலாம்? மனைவியின் தம்பி எச்-1பி-யில் எங்களோடு தங்கியிருக்கிறார். அவரையும் சேர்த்து ஃபேமிலி பிளானாக எடுக்கலாமா?

– பெயர் வேண்டாம், டாலஸ்

பதில்:

திட்டங்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, சட்டையைத் தூக்கியதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். திட்டம் வாங்கும் எல்லோருமே துப்பாக்கி வெடிக்கும் ஒரு நாளை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். எங்களைப் போன்ற வக்கீல்களிடம் வருவதோ பெரும்பாலும் வெடிக்காத துப்பாக்கி. காட்டினேன், கையை அதன் மேல் வைத்தேன், எடுத்துக் கீழே பார்த்துப் பிடித்தேன் என்ற வகை.

டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 9.04 பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. தேவைப்பட்டால் பயன்படுத்துவேன் என்ற பயத்தை உண்டாக்குவது மட்டும்தான் நோக்கம் என்றால், ஆயுதத்தைக் காட்டுவது உயிர்ப்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தியதாக ஆகாது. இது உங்களுக்குச் சாதகம். ஆனால் அதே பிரிவு, பலத்தைப் பயன்படுத்த நியாயம் இருக்கும் இடத்தில்தான் பயமுறுத்தவும் நியாயம் உண்டு என்கிறது. 9.31 பிரிவோ, வெறும் வாய்ப்பேச்சுக்குப் பதிலாகப் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று நேராகவே சொல்லிவிடுகிறது. அந்த ஆள் கத்தினான், திட்டினான். கையை ஓங்கியதாகவோ கல்லாவைத் தாண்டி வந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. அவன் வெளியே போய் 911-ஐ அழைத்து "கடைக்காரர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்" என்று சொல்லியிருந்தால், பாதிக்கப்பட்டவர் அவன், சந்தேக நபர் நீங்கள். முதலில் போன் செய்தவர் பக்கமே கதை சாய்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடுமையாகப் பார்க்கும் அரசு வக்கீல் (பிராசிக்யூட்டர்), ஆயுதத்தைக் காட்டி மிரட்டியது என்று கடும் தாக்குதல் பிரிவில்கூட வழக்கைக் கொண்டுபோகலாம். அது இரண்டாம் நிலை ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், 2 முதல் 20 ஆண்டு சிறை.

பயமுறுத்த எழுதவில்லை. கடைக் கேமராவில் அந்த இரவின் பதிவு இன்னும் இருந்தால் இன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பதிவுக் கருவி பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். உங்களுக்குப் பாதகமாகத் தெரிந்தாலும் அழிக்காதீர்கள். ஒரு கிரிமினல் வக்கீலிடம் அரை மணி நேரம் காசு கொடுத்துப் பேசிவிடுங்கள். அந்தச் செலவை எந்தத் திட்டமும் ஏற்காது, ஏனென்றால் சேருவதற்கு முன் நடந்தது எதையும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சரி, திட்டங்களுக்கு வருவோம்.

நண்பர் சொன்ன மூன்றும் மூன்று வேறு பொருள்கள். முதல் வகை இன்சூரன்ஸ். விஸ்கான்சினைச் சேர்ந்த யு.எஸ்.சி.சி.ஏ. என்ற துப்பாக்கி வைத்திருப்போர் சங்கம் இந்த வழியில் போகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியைச் சங்கத்துக்குக் கொடுக்கிறது, உறுப்பினர் அதன் கீழ் வருகிறார். அதாவது பாலிசி உங்கள் பெயரில் இல்லை. இரண்டாவது, சட்ட சேவை ஒப்பந்தம். ஹூஸ்டனில் தொடங்கிய யு.எஸ். லாஷீல்டு இந்த வகை. அவர்கள் விற்பது பணத்தை அல்ல, வக்கீலின் வேலையை. முன்கூட்டியே சந்தா கட்டுகிறீர்கள், வழக்கு வந்தால் அவர்கள் ஏற்பாட்டில் இருக்கும் வக்கீல் வருகிறார். 'வரம்பே இல்லை' என்ற பேச்சு இங்கிருந்து வருகிறது. மூன்றாவது, உறுப்பினர்கள் சேர்ந்து வளர்க்கும் நிதி. வாஷிங்டன் மாநிலத்தில் 2008-ல் தொடங்கிய ஆர்ம்டு சிட்டிசன்ஸ் லீகல் டிஃபென்ஸ் நெட்வொர்க் அப்படிப்பட்டது. நாங்கள் இன்சூரன்ஸ் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். சட்டச் செலவுக்கு உதவுவார்கள், சிவில் வழக்கில் நஷ்டஈடு கட்டச் சொன்னால் அது உங்கள் தலையில்.

இன்சூரன்ஸ் வகையில் ஏன் இத்தனை நிபந்தனைகள் என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே செய்த செயலுக்கும் குற்றத்துக்கும் காப்பீடு விற்கக் கூடாது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் பழைய அடிப்படை. தற்காப்புக்காகச் சுடுவதோ வேண்டுமென்றே செய்வதுதான். இந்த முரண்பாடு 2017-ல் பெரிதாக வெடித்தது. துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் அந்த ஆண்டு 'கேரி கார்ட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. நியூயார்க் நிதிச் சேவைத் துறை விசாரணை தொடங்கி, 2018-ல் அதை நிர்வகித்த லாக்டன் நிறுவனத்துக்கு 70 லட்சம் டாலரும் காப்பீடு கொடுத்த சப் நிறுவனத்துக்கு 13 லட்சம் டாலரும் அபராதம் போட்டது. 2020-ல் அசோசியேஷனும் 25 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் அந்த மாநிலத்தில் காப்பீட்டுத் தொழிலிலிருந்து ஒதுங்கியது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அசோசியேஷனுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு சொன்னது உண்மைதான். ஆனால் அது அதிகாரி கொடுத்த நெருக்கடி பேச்சுரிமையைப் பாதித்ததா என்ற கேள்வி, இந்தக் காப்பீடு செல்லுமா என்பதல்ல. டெக்சஸில் இந்தக் கெடுபிடி இல்லை. ஆனாலும் பாலிசி எழுதுகிறவர்கள் அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், 20 லட்சம் என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பாலிசி ஆவணத்தையோ ஒப்பந்தத்தையோ முழுதாகக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறார்கள் என்றால் அதோடு முடிந்தது, வேறு இடம் பாருங்கள். கையில் பேனா வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் தேட வேண்டியது, பணம் எப்போது வரும் என்பது. 'விடுதலையான பின் செலவைத் திருப்பித் தருவோம்' என்று இருந்தால், விடுதலையாகும் வரைக்கும் யார் கட்டுவது? சுட்டு உயிர் போன வழக்கு விசாரணை வரை போனால் செலவு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். வக்கீல் மட்டுமா? தடயவியல் நிபுணர், தனியார் துப்பறிவாளர், வீடியோவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் மணிக் கணக்கில் கூலி. ஜாமீனுக்கு பாண்ட் ஏஜென்டிடம் வழக்கமாகத் தொகையில் பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும், அது திரும்பி வராது. 'வரம்பில்லாத வக்கீல் செலவு' என்று சொல்லும் ஒப்பந்தத்தில் நிபுணர் செலவும் ஜாமீனும் சேர்த்தியா என்று தனியாகப் பாருங்கள். பல இடங்களில் அவை கூடுதல் சந்தாவுக்கு வரும் துணைப் பொருள்கள்.

டெக்சஸில் இதோடு இன்னொரு கட்டம் உண்டு. ஃபெலனி வழக்கு, குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி வழியாகத்தான் போக வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டால்தான் குற்றச்சாட்டு. நல்ல வக்கீல் அதற்கு முன்பே வீடியோ, சாட்சி வாக்குமூலம், உங்கள் பின்னணி எல்லாவற்றையும் திரட்டி ஒரு கட்டாக அவர்கள் முன் போய்ச் சேரும்படி செய்வார். 'நோ பில்', அதாவது குற்றச்சாட்டு வேண்டாம் என்று அங்கேயே வழக்கு முடிந்தால் அதைவிட நல்ல முடிவு கிடையாது. எனவே குற்றச்சாட்டு பதிவாவதற்கு முன் செய்யும் வேலைக்கும் பணம் உண்டா என்று கேளுங்கள். 'குற்றம் சாட்டப்பட்டால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இந்த முழுக் கட்டத்தையும் வெளியே தள்ளிவிடும்.

அடுத்தது, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்களா என்பது. சில ஆவணங்களில், குற்றவாளி என்று தீர்ப்பானால் அதுவரை செலவழித்ததைக் கேட்க உரிமை உண்டு என்று ஒரு வரி இருக்கும். இன்னும் சிலவற்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டாலே அது தற்காப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் குற்றத் தீர்ப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ப்ளீ டீல் மூலம் வருபவை. பெரிய குற்றச்சாட்டைச் சின்னதாக்கிக்கொண்டு வெளியே வருவதுதான் புத்திசாலித்தனம் என்று உங்கள் வக்கீலே நினைக்கும் நாள் வரலாம். அன்றைக்கு அந்த ஒரு வரிக்குப் பயந்து நீங்கள் விசாரணைக்குப் போகக் கூடாது, இல்லையா? இது தற்காப்புதானா என்று முதலில் முடிவு செய்வது யார், எந்த ஆதாரத்தை வைத்து என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி.

மூன்றாவதாக, வக்கீலை யார் தேர்ந்தெடுப்பது? டாலஸ் கவுண்டி நீதிமன்றத்தில் கொலை வழக்குகளை ஜூரி முன் நடத்தியவரும் போக்குவரத்து அபராதம் பார்ப்பவரும் ஒரே பட்டியலில் இருக்கக்கூடும். பட்டியலில் உங்கள் கவுண்டியில் யார் இருக்கிறார் என்று இப்போதே கேளுங்கள். வெளியிலிருந்து நீங்கள் ஒருவரை வைத்துக்கொண்டால் அவருடைய கட்டணத்தை முழுதாகத் தருவார்களா, தங்கள் விகிதத்துக்கு மட்டும் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் சட்டை விவகாரம். 'ஆயுதத்தைப் பயன்படுத்துதல்' என்பதற்கு ஆவணத்தில் என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்? காட்டுவதும் அதில் அடங்குமா? சுட்டால்தான் என்று இருந்தால் உங்களுக்கு அது பிரயோஜனமில்லை.

சிவில் வழக்கைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். டெக்சஸில் நியாயமான தற்காப்புக்கு சிவில் பொறுப்பு கிடையாது என்று தனிச் சட்டம் இருக்கிறது. வழக்கே போட முடியாது என்று அர்த்தமில்லை, போட்டால் வாதாடித்தான் தள்ள வேண்டும். ஆனால் கடைக்கு எடுத்திருக்கும் பொறுப்புக் காப்பீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேஸ் ஸ்டேஷன்களுக்கு விற்கும் பாலிசிகளில் தாக்குதல், துப்பாக்கி இரண்டையும் விலக்கி வைத்த பக்கம் கடைசியில் ஒட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு இன்சூரன்ஸ் தொழில் இடத்துக்கு வராது. கடையில் வேலை பார்க்கும் பையனும் உங்கள் திட்டத்தில் வரமாட்டான்.

இதுவரை சொன்னது டெக்சஸில் யாருக்கும் பொருந்தும். இனிமேல் சொல்வது உங்களுக்கு. நண்பர் இங்கேயே பிறந்தவராக இருந்தால் இது அவருக்குத் தோன்றியிருக்காது, அவர் மேல் தப்பில்லை.

நீங்கள் குடிமகன் இல்லை. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம் என்று குடிவரவுச் சட்டம் சொல்கிறது. பயன்படுத்துதல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல் எல்லாம் அதில் அடக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. டெக்சஸில் 'டெஃபர்டு அட்ஜுடிகேஷன்' என்று ஒரு வழி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்கள், நீதிபதி தீர்ப்பைத் தள்ளி வைக்கிறார், சொன்ன காலம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி. உள்ளூர் வக்கீல்கள் நல்ல மனதோடுதான் இதைப் பரிந்துரைப்பார்கள், குடிமகனுக்கு இது வரப்பிரசாதம். குடிவரவுச் சட்டத்துக்கோ நீங்கள் ஒப்புக்கொண்டதும் நீதிபதி கட்டுப்பாடு விதித்ததும் போதும், அது தண்டனைத் தீர்ப்புதான். கோர்ட்டில் வழக்கு இல்லை என்று தாள் கொடுப்பார்கள். நாலு வருடம் கழித்து மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தி உட்கார வைப்பார்கள்.

2010-ல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு கடத்தும் ஆபத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. கடமை இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். குடிவரவு வக்கீல் ஒருவரைக் கிரிமினல் வக்கீலோடு சேர்த்து உட்கார வைக்க வேண்டும். அந்தக் கட்டணம் திட்டத்தில் வருமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும், அப்போது அதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். குடியுரிமை மனுவிலும் கைதானது உண்டா என்ற கேள்வி இருக்கிறது. தள்ளுபடியான வழக்கையும் எழுதியாக வேண்டும்.

நியூ ஜெர்சியிலோ வேறு எங்கோ சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் போகும் பழக்கம் இருந்தால் அதற்கும் ஒரு எச்சரிக்கை. நியூ ஜெர்சி டெக்சஸ் லைசென்ஸை ஏற்பதில்லை. அங்கே அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது 5 முதல் 10 ஆண்டு வரை போகும் குற்றம். சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்த துப்பாக்கிக்கு எந்தத் திட்டமும் கை கொடுக்காது.

எதை எடுப்பது என்று கேட்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதல் நாளிலிருந்தே நேராக வக்கீலுக்குப் பணம் கட்டுகிற, திரும்பக் கேட்காத, காட்டியதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிற, வக்கீலை நானே தேர்ந்தெடுக்கலாம் என்கிற திட்டத்தை எடுப்பேன். அதன் உச்சவரம்பு நண்பர் சொன்னதில் கால்வாசியாக இருந்தாலும் எடுப்பேன். டெக்சஸ் சட்டம் சிவில் பக்கத்தில் துணை நிற்பதால் பெரிய நஷ்டஈட்டுத் தொகைக்காகக் கூடுதல் சந்தா கட்ட மாட்டேன். மூன்று ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள், அந்த அரை மணி நேரத்தை இதற்கும் சேர்த்து ஒரு மணி நேரமாக்கிக்கொள்ளுங்கள். அவரே நாளைக்கு உங்கள் வக்கீலாகவும் இருக்கலாம்.

திட்டம் எடுத்தால் ஒரு அட்டை கொடுப்பார்கள், பின்னால் 24 மணி நேர எண் இருக்கும். அதைப் பர்ஸில் மட்டும் வைக்காதீர்கள். சம்பவம் நடந்த இடத்தில் முதலில் போவது துப்பாக்கி, பிறகு செல்போன். இரண்டும் தடயமாக உறைக்குள் போய்விடும். பர்ஸ் கைதிகளின் உடைமைப் பையில். அதனால் அந்த எண் உங்கள் மனைவியின் போனில் இருக்கட்டும், மனைவியின் எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். 911-ல் சொல்ல வேண்டியது: இடம், ஆபத்து, ஆம்புலன்ஸ், உங்கள் அடையாளம். போலீஸ் வந்ததும், தாக்க வந்தது யார், சாட்சி யார், கேமரா எங்கே என்பதைக் காட்டுங்கள். அதற்கு மேல் கேட்டால், "நான் பேசாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன், வக்கீல் வேண்டும்" என்று வாய் திறந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதாது. 2013-ல் சலினாஸ் வழக்கில், அதுவும் டெக்சஸ் வழக்குதான், காவலில் எடுக்கப்படாமல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கேள்விக்கு மட்டும் மௌனமானதை அவருக்கு எதிராகவே பயன்படுத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நம் ஆட்களுக்குப் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று ஊறிப்போயிருக்கிறது. பதற்றத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று தோன்றும். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாக, மைத்துனர். அவரை ஃபேமிலி பிளானில் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் அவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. தண்டனை 15 ஆண்டு வரை. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் போட்டோ எடுப்பதும் இதில்தான் வரும், விசிட்டர் விசாவில் வரும் உங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான். தெரிந்தே கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் குற்றம். சமையலறை டிராயர் அவர் தினமும் கரண்டி எடுக்கும் இடம். யார் வைத்திருந்தார்கள் என்ற கேள்வி நாளை வந்தால் அந்த டிராயர் அவருடையதும்தான். எண் பூட்டுள்ள சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி உங்கள் படுக்கையறையில் வையுங்கள், எண் உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியட்டும். திட்டத்தை நிதானமாகப் படித்து அடுத்த மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. பெட்டியை இன்றைக்குக் கடைக்குப் போகும் வழியிலேயே வாங்கிவிடுங்கள்.